பழைய எம்ஜிபி காரின் பெட்ரோல் டேங்க்: உள்ளே கோட்டிங் ஊற்றுவதா, புதிதாக மாட்டுவதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். 1972 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது இங்கிலாந்தில் செய்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார், பல வருடம் ஒரு ஷெட்டில் நின்றது, இப்போது பெங்களூர் இந்திரா நகரில் உங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிற்கிறது. ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச தூரம் ஓடியதும் அடங்கிவிடுகிறது, சிறிது நேரம் விட்டால் மறுபடி பிடிக்கிறது. பில்டரைக் கழற்றினால் பழுப்புத் தூள். டேங்கை நிரப்பினால் டிக்கியில் பெட்ரோல் வாடை, பாதி டேங்க் இருந்தால் வாடை இல்லை. ஒரு மெக்கானிக் உள்ளே கோட்டிங் ஊற்றினால் போதும் என்கிறார், இன்னொருவர் பீன்யா தொழிற்பேட்டையில் அலுமினியத்தில் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்கிறார்.

என் பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி, இரும்பு டேங்க் புதிதாக வரவழைத்து மாட்டுங்கள். ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு வேறு கார் வைத்திருப்பவருக்கு என் பதில் மாறிவிடும்.

நிரப்பினால் மட்டும் வாடை வருகிறது என்று எழுதினீர்களே, பாதிப் பதில் அதில் இருக்கிறது. டேங்கின் அடியில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் எவ்வளவு இருந்தாலும் சொட்டும். மேல் மட்டம் வரை ஏறினால்தான் கசிகிறது என்றால் கசிவு மேலே இருக்கிறது. எம்ஜிபியில் டேங்க் டிக்கியின் தரைக்கு அடியில், வெளிப்புறத்தில் தொங்குகிறது. அதன் மேல் தகட்டுக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே ஒரு குறுகிய இடைவெளி, அதில் தகடு உரசாமல் இருக்க மெத்தென்ற பட்டைகள் வைத்திருப்பார்கள். பின் சக்கரம் வாரி இறைக்கும் சேறும் தண்ணீரும் அந்த இடைவெளியில் போய் உட்காரும், பட்டைகள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெயில் அங்கே படவே படாது. அதனால் இந்தக் காரில் டேங்க் பெரும்பாலும் வெளியிலிருந்து, அதுவும் மேலிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விழும். அடியில் தவழ்ந்து பார்த்தால் கருப்பு பெயின்ட்டோடு பளிச்சென்று இருக்கும், நம்பிவிடாதீர்கள். கழற்றி இறக்கி மேல் பக்கத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

வாடைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அதை முதலில் பார்த்துவிடுங்கள், செலவு குறைவு. பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு வரும் குழாயை இணைக்கும் ரப்பர் ஹோஸ் ஐம்பது வருடத்தில் வெடித்திருக்கும். வளைத்துப் பார்த்தால் விரிசல் தெரியும். அதை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள், ஆனால் மாற்றிய பிறகும் வாடை இருந்தால் மேல் தகடு போய்விட்டது என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம்.

அடங்கிப்போவது தனி விஷயம். டேங்கைக் கழற்றும் முன் ஒரு எளிய சோதனை செய்யுங்கள். வண்டி அடங்கியதும் உடனே போய்ப் பெட்ரோல் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மூடி காற்று விடவில்லை, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பம்ப் இழுக்க முடியாமல் திணறுகிறது. இங்கிலாந்துச் சந்தைக்கு வந்த கார்களில் மூடியிலேயே காற்றுத் துளை உண்டு. 1970-க்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போன கார்களில் மூடி இறுக்கமாக அடைத்திருக்கும், பெட்ரோல் ஆவி தனிக் குழாய் வழியாக எஞ்சின் பக்கம் உள்ள கரி டப்பாவுக்குப் போகும். முந்தைய உரிமையாளர் யாராவது ஒன்றின் மூடியை இன்னொன்றில் மாட்டியிருந்தால் நீங்கள் சொல்லும் தொல்லை அப்படியே வரும். புது டேங்க் ஆர்டர் செய்யும்போதும் இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் டேங்கும் வேறு. உங்கள் டேங்கில் எத்தனை குழாய் முனைகள் இருக்கின்றன என்று போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

அப்புறம் பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். எஸ்யூ கம்பெனியின் மின் பெட்ரோல் பம்ப் காரின் பின்புறம் வலது பக்கம் இருக்கும். சாவியைத் திருப்பியதும் டிக்டிக்டிக் என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் கிண்ணங்கள் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது கார்புரேட்டர் ஊசி மூடாமல் பெட்ரோல் வழிகிறது. மெதுவாக, சிரமப்பட்டு அடித்தால் டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் வாயில் துரு அடைத்திருக்கிறது. ஓடும்போது துருத்தூள் போய் வாயில் ஒட்டும், நிறுத்தினால் இழுவை நின்று தூள் கீழே விழும், மறுபடி பிடிக்கும். நீங்கள் விவரித்தது இதுதான் என்று நினைக்கிறேன். கார்புரேட்டர் பக்கம் ஹோஸைக் கழற்றி ஒரு உலோகப் பாத்திரத்தில் விட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் அந்தச் சோதனையையும் திறந்த வெளியில் செய்யுங்கள், எஞ்சின் ஆறிய பிறகு.

இங்கேதான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் பேஸ்மென்ட்டில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனமானது, மேலே எழும்பிப் போகாது, தரையோடு தரையாக ஓடிப் பள்ளத்தில் தேங்கும். பேஸ்மென்ட் என்பதே ஒரு பள்ளம். அங்கே தண்ணீர் மோட்டார் ஒன்று தானாக ஆன் ஆகும், லிப்ட் சுவிட்ச் தட்டும், ஸ்கூட்டர் சார்ஜர் இருக்கும். காற்றில் 1.4 சதவீதம் ஆவி இருந்தாலே பற்றிக்கொள்ளும். காரைத் தள்ளிக்கொண்டாவது திறந்த இடத்துக்குக் கொண்டு போங்கள், அல்லது வில்சன் கார்டன் பக்கம் கூரை மட்டும் உள்ள ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் இடம் கேளுங்கள். முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. டேங்கில் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். முழு டேங்க் என்றால் 12 காலன், அதாவது சுமார் 54 லிட்டர், அதை எங்கே வைப்பீர்கள்? 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒருவர் வைத்திருக்கக்கூடியது மொத்தம் 30 லிட்டர்தான், அதுவும் ஒரு கேனில் 25 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. சட்டத்தை விடுங்கள், அவ்வளவு பெட்ரோலைத் திறந்து வைப்பதே ஆபத்து. வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தை யார் செய்து காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், கைப்பம்ப் மலிவாகக் கிடைக்கிறது. உலோகக் கேனில் எடுங்கள், கேனையும் காரின் உடம்பையும் ஒரு ஒயரால் இணைத்து வையுங்கள், ஸ்டாட்டிக் பொறி வராமல் இருக்கும். பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

உங்கள் மாடலில் டேங்க் சுற்று விளிம்பில் உள்ள போல்ட்டுகளில் தொங்குகிறது. 1965-க்கு முந்தைய 10 காலன் டேங்கைத்தான் உலோகப் பட்டைகள் தாங்கிப் பிடிக்கும். நட்டுகள் துருவில் இறுகியிருக்கும். சில நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற விடுங்கள். வரவில்லை என்றால் ரம்பத்தால் கையாலேயே அறுங்கள், எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. கிரைண்டர் வேண்டாம், கேஸ் விளக்கால் சூடாக்குவதும் வேண்டவே வேண்டாம்.

சரி, டேங்க் கீழே வந்துவிட்டது. மேல் பக்கத்தில் உள்ள பழைய பெயின்ட்டையும் சேற்றையும் கம்பி பிரஷ்ஷால் கையால் தேய்த்து எடுங்கள். பிறகு ஒரு கூர்மையான ஊசியால் அழுத்திக் குத்திப் பாருங்கள், குறிப்பாகப் பட்டைகள் படிந்திருந்த கோடுகளில். ஊசி உள்ளே இறங்கினால் கதை முடிந்தது. இறங்காமல் வெறும் மேல்துரு என்றால் மட்டுமே கோட்டிங் பற்றிப் பேசலாம்.

கோட்டிங்கை நான் வெறுக்கிறவன் இல்லை. தகடு கெட்டியாக இருந்து, உள்ளே மட்டும் லேசான துரு என்றால் அது நல்ல வழிதான். மாற்று டேங்கே கிடைக்காத கார்களுக்கு அதுதான் வழி. ஆனால் கோட்டிங் என்பது தோல், எலும்பு இல்லை. மெலிந்துபோன தகட்டைத் தாங்கிப் பிடிக்க அதனால் முடியாது. வெளியிலிருந்து துரு தின்றுகொண்டே வரும்போது உள்ளே பூசி என்ன பயன்? ஒரு நாள் தகடு போய்விடும், கோட்டிங் மட்டும் தனியாகத் தொங்கும், அப்புறம் அதுவும் உரிந்து உறிஞ்சும் குழாயை அடைக்கும். அந்த உரிசல்களை டேங்குக்குள்ளிருந்து முழுவதுமாக எடுப்பது துருவை எடுப்பதை விடப் பெரிய பாடு.

செய்தே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் சோப்புத் தண்ணீரும் சுடுநீருமாகப் பலமுறை கழுவி பெட்ரோல் பிசினை எடுக்க வேண்டும், பிசின் இருக்கும் இடத்தில் எந்த ஆசிட்டும் வேலை செய்யாது. கெமிக்கல் கடையில் சிட்ரிக் ஆசிட் கிலோ கணக்கில் கிடைக்கும். லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வீதம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, டேங்கை விளிம்பு வரை நிரப்பி ஓரிரு நாள் வையுங்கள். பாதி நிரப்பி வைத்தால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மறுபடி துரு ஏறும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது துருவோடு நல்ல தகட்டையும் தின்னும், இரண்டு பாதிகளும் சேரும் மடிப்புக்குள் போய் உட்கார்ந்து பல மாதம் கழித்தும் தின்னும். ஆசிட்டை வடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே உலர்த்துங்கள், ஏனென்றால் சுத்தமான இரும்பு கண் முன்னாலேயே ஆரஞ்சு நிறமாக மாறும். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலைத் தாங்கும் எபாக்ஸி வகைக் கோட்டிங்தானா என்று கேட்டு வாங்குங்கள், பழைய வகைச் சீலர்கள் சில ஆல்கஹாலில் கரைந்து கோந்தாகிவிடும். டேங்கை எல்லாப் பக்கமும் மெதுவாக உருட்டி, அதிகமானதை வடித்துவிட்டு, குழாய் முனைகளில் காற்று ஊதித் திறந்து வைத்து, டப்பாவில் போட்டிருக்கும் நாட்களை விடக் கூடுதலாகவே காய விடுங்கள். பெங்களூரில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை காற்றில் ஈரம் அதிகம், இந்த வேலைக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்லவை.

ஊசித்துளைக்கு ஒட்டுப்போடுவது பற்றியும் கேட்பார்கள். பார் சோப்பைத் தேய்த்துக் கசிவை நிறுத்துவது பழைய டிரைவர்கள் அறிந்த வித்தை, சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் அது வேலையும் செய்யும், ஆனால் வீடு போய்ச் சேர மட்டும்தான். எம்-சீல் வைப்பதும் அப்படித்தான். ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம், சுற்றியுள்ள தகடு கனமாக இருந்தால் அது நீண்ட நாள் நிற்கும். ஆனால் தீயோ வெல்டிங்கோ டேங்கின் பக்கத்தில் வரும் முன்பு ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: காலி டேங்க் நிறைந்த டேங்கை விடப் பயங்கரமானது. நிறைந்த டேங்கில் வெடிக்கக் காற்றுக்கு இடமில்லை. காலி டேங்கில் ஆவியும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்து காத்திருக்கும். பல மாதம் காய்ந்து வாடையே இல்லாத டேங்கிலும் மடிப்புக்குள் தங்கிய பெட்ரோல் சூடுபட்டதும் ஆவியாகும். நீராவியால் நன்றாகக் கழுவி, வேலை செய்யும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மீதி இடத்தில் நைட்ரஜனோ கார்பன் டை ஆக்சைடோ செலுத்தி வேலை செய்கிறவரிடம் மட்டும் கொடுங்கள். “அதெல்லாம் தேவையில்லை சார், அஞ்சு நிமிஷ வேலை” என்று சொல்பவரிடமிருந்து டேங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அலுமினியம்? பீன்யாவில் அருமையாக டிக் வெல்டிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டேங்க் என்பது மூடி போட்ட பெட்டி இல்லை. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்காமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும், பெட்ரோல் அளவுகாட்டி யூனிட் உட்காரும் துளை அதே அளவில், அதே கோணத்தில் வர வேண்டும், காற்று போகும் வழி வேண்டும், அலுமினியமும் இரும்பும் நேராகத் தொடாமல் நடுவில் ரப்பர் வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் ஒன்று மற்றொன்றை அரிக்கும். இத்தனையும் செய்து முடிக்கும்போது செலவு இரும்பு டேங்கை வரவழைப்பதற்கு அருகில் வந்துவிடும், காரின் அசல் தன்மையும் போய்விடும். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் இது. அதனால்தான் இன்றும் டேங்க் புதிதாக அச்சில் அடித்து விற்கிறார்கள். அந்த வசதி இருக்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இன்னொரு பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கும் இதே பேச்சுதான், ஆனால் அதில் டேங்க் டிக்கிக்குள்ளேயே நிற்கிறது, சேறு படாது, ஆகவே உள்துரு மட்டும் என்றால் சிட்ரிக் ஆசிட்டும் கோட்டிங்கும் அங்கே நியாயமான வழி.

இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும்போது கூரியர்காரர்கள் டேங்கின் எடையை அல்ல, பெட்டியின் கன அளவைப் பார்த்துக் காசு வாங்குவார்கள். அதனால் அதே பெட்டியில் சின்னச் சாமான்களையும் சேர்த்து வரவழையுங்கள்: அளவுகாட்டி யூனிட், அதன் ரப்பர் வளையம், பூட்டு வளையம், வாய் ஹோஸ், மேலே வைக்கும் பட்டைகள். சுங்க வரியை மறந்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

டேங்க் வந்ததும் அப்படியே மாட்டிவிடாதீர்கள், எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். அதன் மேல் இருக்கும் கருப்பு பெயின்ட் கப்பலில் வரும்வரை துருப்பிடிக்காமல் இருக்கத்தான். தேய்த்து, எபாக்ஸி பிரைமர் இரண்டு கை, அதன் மேல் பெயின்ட், அடிப்பக்கத்துக்குக் கல் தெறித்தால் தாங்கும் அண்டர்பாடி கோட்டிங். மேல் பக்கத்துக்கு அடிப்பக்கத்தை விட அதிகக் கவனம் கொடுங்கள், மாட்டிய பிறகு அங்கே கை போகாது. பட்டைகளாக ஈரம் உறிஞ்சும் பொருளை வைக்காமல், தண்ணீர் குடிக்காத ரப்பர் பட்டைகளை ஒட்டுங்கள். டிக்கித் தரையின் அடிப்பக்கத்தையும் இதே நேரத்தில் சுத்தம் செய்து பெயின்ட் அடித்துவிடுங்கள். இவ்வளவு பெயின்ட் அடித்தால் டேங்குக்கு உடம்போடு மின் தொடர்பு சரியாகக் கிடைக்காமல் பெட்ரோல் முள் தாறுமாறாகக் காட்டும், ஆகவே தனியாக ஒரு எர்த் ஒயர் போடுங்கள்.

புது டேங்க் போட்டுவிட்டுப் பழைய குழாய்களை விட்டுவைப்பது வேலையைப் பாதியில் நிறுத்துவதுதான். 2023 பிப்ரவரி 6 அன்று நம் பெங்களூரில் நடந்த இந்தியா எனர்ஜி வீக் விழாவில்தான் இ20 பெட்ரோலை அறிமுகப்படுத்தினார்கள். இன்று பங்கில் சாதாரண பெட்ரோல் என்று கேட்டாலே பெரும்பாலும் இ20தான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 1972-இல் இந்த ரப்பரைச் செய்தவர்கள் அதை நினைத்துப் பார்த்திருக்க முடியாது. பழைய ஹோஸ் உள்ளுக்குள் ஊதி, மெத்தென்று ஆகி, கருப்புத் துகள்களாக உதிரும். ஜேசி ரோட்டில் ஹோஸ் வாங்கும்போது மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தரக் குறியீடு அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது இல்லாததை வேண்டாம் என்று சொல்லுங்கள். கார்புரேட்டர் ஊசிகளையும் பேக்கிங்குகளையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். உலோகக் குழாய்க்குள் காற்று ஊதிப் பழைய பிசின் வெளியே வந்ததா என்று பாருங்கள்.

எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். தினமும் ஓடும் காருக்கு இது பெரிய தொல்லை இல்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க் வரை போய் வரும் காருக்குத்தான் தொல்லை. 100 ஆக்டேன் பெட்ரோலில் எத்தனால் இல்லை என்று சொல்கிறார்கள், நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 100 மில்லி அளவு ஜாடியில் 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 100 வரை பெட்ரோல், மூடிக் குலுக்கி நிற்க விடுங்கள். எத்தனால் இருந்தால் அது தண்ணீரோடு போய்ச் சேரும், அடிக்கோடு 10-இலிருந்து 28 பக்கம் ஏறினால் அது இ20. கோடு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. உங்கள் எஞ்சினுக்கு 100 ஆக்டேன் தேவையே இல்லை, நிறுத்தி வைக்கும் மாதங்களில் டேங்கில் எத்தனால் இல்லாமல் இருக்கத்தான் அந்தக் கூடுதல் காசு.

மாட்டி முடித்ததும் முதலில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, பம்பை ஓட விட்டு ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் பாதி வரை, பிறகு மறுநாள் முழுவதும். பேஸ்மென்ட்டுக்குள் கொண்டு போவது முழு டேங்கோடு ஒரு இரவு வெளியில் நின்று வாடை இல்லை என்று உறுதியான பிறகுதான். உள்ளே தெரியும் பில்டர் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டு முதல் சில வாரம் அடிக்கடி பாருங்கள், பழைய குழாய்களில் மிச்சம் இருந்த தூள் அதில் வந்து சேரும்.

பழைய டேங்கைச் சிவாஜி நகர் இரும்புக் கடையில் போடுவதாக இருந்தால், கழுவித் தண்ணீர் நிரப்பிய நிலையில் கொண்டு போய், இது பெட்ரோல் டேங்க், கேஸ் கட்டரை வைக்காதீர்கள் என்று அங்கே வெட்டுகிற ஆளிடமே சொல்லிவிட்டு வாருங்கள். கடைக்காரரிடம் மட்டும் சொன்னால் அது அந்த ஆளின் காதுக்குப் போகாது.